மச்சான் வருவதற்கு முன் ஒரு ட்ரையல்

"உங்க ஊர்ல பார்க்கிறதுக்கு அப்படி என்னதான் இருக்கு மாப்ள?" என்று மச்சான் போனில் கேட்டபோது, "நிறைய இருக்கு மச்சான்" என்று பட்டென்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். யோசிக்காமல் பதில் சொல்வதும், சொன்ன பிறகு நாள் முழுக்க யோசிப்பதும் எனக்குப் பிறவியிலேயே அமைந்த குணங்கள்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். விருதுநகரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். இரண்டாவதாக இன்னொரு கடை திறக்கப் போகிறார். அதன் கல்லாவில் நான் வந்து உட்கார வேண்டும் என்பது அவர் ஆசை. எனக்கும் விருதுநகர்ப் பக்கம்தான். "அங்க கிடந்து லாரிப் புகையத் தின்னுக்கிட்டு எதுக்கு மாப்ள? இங்க ஃபேனுக்கு அடியில சும்மா உக்காந்தாப் போதும்" என்பார். சும்மா உட்காருவதில் எனக்கு இருக்கும் திறமையை அவர் எங்கிருந்து தெரிந்துகொண்டாரோ!

மனைவிக்குப் பாதி மனசு அங்கே போய்விட்டது. கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில் அவள் அம்மா வீடு. மகளுக்கு ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். போவதென்றால் அதற்குள் போய்விட வேண்டும்.

"அண்ணன் ஞாயித்துக்கிழமை நேர்லயே வருது" என்றாள். "நானும் இந்த ஓசூருக்கு வாக்கப்பட்டு வந்து வருஷம் பதினாலாச்சு. இங்கேயே இருக்கணும்னா அதுக்கு ஒரு காரணம் சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு போதும்."

"கிளைமேட்" என்றேன்.

அப்போது நான் கழுத்து வியர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் அந்தத் துண்டை மட்டும் பார்த்தாள்.

உண்மையைச் சொன்னால் இத்தனை வருஷத்தில் நான் இந்தப் பக்கத்தில் பார்த்த இடங்கள்: கம்பெனி, கம்பெனிக்குப் போகும் ரோடு, கம்பெனியிலிருந்து வரும் ரோடு. இரண்டும் ஒரே ரோடுதான். உள்ளூர் மலைக்கோயிலுக்குக் கல்யாணமான புதிதில் ஒரு முறை போனோம். கிருஷ்ணகிரிக் கோட்டையைப் பேருந்து ஜன்னல் வழியாக ஏகப்பட்ட முறை பார்த்திருக்கிறேன்; பாதி முறை தூக்கத்தில்.

நான் இருப்பது மெயின்டனன்ஸ் பிரிவு. வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி. எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டிலிருந்து பெரிய கஸ்டமர் வருகிறார் என்றால் அதற்கு நாலு நாள் முன்னால் ஒரு ட்ரையல் நடக்கும். மேனேஜரே கஸ்டமர் மாதிரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வருவார். அவர் எந்த வழியாக நடப்பார், எங்கே நிற்பார், எந்த மெஷினை யார் விளக்குவது, எந்த மெஷின் பக்கம் அவரைத் திரும்பவே விடக்கூடாது என்பதெல்லாம் அன்றைக்கே முடிவாகிவிடும். கஸ்டமர் வரும் நாளில் எல்லாம் தானாக நடப்பது போல நடக்கும்.

மச்சானைவிடப் பெரிய கஸ்டமர் எனக்கு எவர்? முன்கூட்டியே ஒரு நாள் தனியாகக் கிருஷ்ணகிரிக்குப் போய்க் கோட்டை, அணை எல்லாவற்றையும் பார்த்து வைத்துவிடுவது, ஞாயிற்றுக்கிழமையன்று, பிறந்ததிலிருந்தே அங்கு வளர்ந்தவன் போலக் கூட்டிக்கொண்டு சுற்றுவது என்று முடிவு செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை பார்த்ததற்கு எனக்கு ஒரு நாள் லீவு பாக்கி இருந்தது. புதன்கிழமைக்குப் போட்டேன். மனைவியிடம் சொல்லவில்லை. ஊரில் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்க்க லீவு போட்டவன் ஜெயித்ததாக எந்த வீட்டிலும் சரித்திரம் கிடையாது.

சொல்லாமல் போவதென்றால் வேலைக்குப் போவது போலத்தானே போக வேண்டும்? நீல யூனிஃபார்ம் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, காலில் முன்பக்கம் இரும்பு வைத்த சேஃப்டி ஷூ, கையில் தயிர்சாத டப்பா. இப்படித்தான் நான் உல்லாசப் பயணம் கிளம்பினேன்.

கம்பெனி பஸ் நிற்கும் முனையைத் தாண்டித்தான் பேருந்து நிலையத்துக்குப் போக வேண்டும். டீக்கடைக்குப் பின்னால் மறைந்து நின்றேன். பஸ் வந்தது, எல்லோரும் ஏறினார்கள். ஆனால் நகரவில்லை. டிரைவருக்கு நல்ல மனசு. தினமும் நான் தாமதமாக ஓடி வருவேன் என்று அவருக்குத் தெரியும், எனக்காக நிற்பார். ஹாரன் அடித்தார். மறுபடி அடித்தார். பிறகு டீக்கடை அடுப்புக்குப் பின்னால் தெரிந்த நீலச் சட்டையைப் பார்த்துவிட்டார்.

"ஏனு சார், அங்க என்ன மாடுறீங்க? ஏறுங்க, டைம் ஆகோய்த்து!" அவருக்குக் கன்னடமும் தமிழும் ஒரே வண்டியின் இரண்டு கியர் மாதிரி.

"நான் இன்னிக்கு லீவுண்ணே."

"லீவா? அப்ப யூனிஃபார்ம் எதுக்கு?"

ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. "வெளியில ஒரு வேலை இருக்கு" என்றேன்.

"கம்பெனி ட்ரெஸ் போட்டுக்கினு வெளியிலயா? வேற கம்பெனிக்கு இன்டர்வியூவா சார்?"

பஸ் கிளம்பிப் போனது. சாயங்காலத்துக்குள் நான் வேறு கம்பெனிக்குத் தாவுகிறேன் என்ற செய்தி மூன்று ஷிஃப்டுக்கும் பரவிவிடும் என்று தெரிந்தது. சரி, அந்த வகையிலாவது எனக்கு ஒரு மதிப்பு வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. பக்கத்தில் ஒரு அம்மா, மடியில் காலிக் கூடை. பேரிகை கிராமத்திலிருந்து பீன்ஸ் கொண்டுவந்து விற்றுவிட்டுத் திரும்புகிறவர். சூளகிரியில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டுமாம். முன் சீட்டில் இருந்த பெண்ணோடு தெலுங்கில் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டே வந்தவர், என் சட்டையைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார்.

"ஏம்பா, உங்க கம்பெனில ஆள் எடுக்கறாங்களா? என் மவன் ஐடிஐ முடிச்சிட்டு சும்மா கீறான்."

இந்தப் பக்கத்தில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வெளியே போகிறவனுக்கு இது சாதாரணம். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கம்பெனியில் என் பேச்சைக் கேட்கும் ஒரே ஜீவன் பழைய கம்ப்ரசர் ஒன்றுதான். அதுவும் சில நாள் கேட்காது.

"எந்த ஊருப்பா நீ?"

"ஓசூரும்மா."

"பேச்சு இந்தப் பக்கத்துது இல்லியே?"

"பேச்சு விருதுநகர்."

"அப்ப சரி, ஓசூர்தான்" என்றார் அந்த அம்மா. "ஓசூர்ல யாரு ஓசூர்க்காரங்க?"

சொல்லிவிட்டு மறுபடி முன் சீட்டோடு தெலுங்கில் சேர்ந்துகொண்டார். என் மாமியாரை நினைவுபடுத்தும் ஒரு மாமியாரைப் பற்றிய பேச்சு அது. பாதிக் கதை கேட்ட பிறகுதான் உறைத்தது, நான் தெலுங்கு படித்ததே இல்லையே என்று. எப்போது இது எனக்குள் புகுந்ததென்று தெரியவில்லை. கேன்டீன் வரிசையில் நின்றபோதா, வாடகைக்கு வீடு பார்த்தபோதா? யாரும் சொல்லித் தரவில்லை; நானும் கற்றுக்கொள்ளவில்லை. சட்டையில் கிரீஸ் ஒட்டுவது போல ஒட்டியிருக்கிறது.

சூளகிரி தாண்டியதும் காற்று மாறிவிட்டது. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு வருவது சமையலறையில் ஜன்னலோரத்திலிருந்து அடுப்புப் பக்கம் நகர்வது மாதிரி. வழிநெடுக மாந்தோப்புகள் மட்டும் இந்த வெயில் எங்களுக்குத்தான் என்பது போல நின்றன. பேருந்து நிலையத்தில் இறங்கியபோதே சட்டை முதுகில் ஒட்டிவிட்டது.

அறிவுள்ளவன் கோட்டைக்குக் காலையிலேயே ஏறுவான். நான் ஒரு பழக்கடையில் நின்று மாம்பழம் தின்று, இரண்டு டீ குடித்து, செருப்புக்கடையில் விலை கேட்டு வாங்காமல் வந்து, வெயில் உச்சிக்கு வரட்டும் என்று காத்திருந்தவன் போல அதற்குப் பிறகு மலையடிவாரத்துக்குப் போனேன். படிகள் இருக்கின்றன. சில இடத்தில் வெறும் பாறை. தோசைக்கல்லில் மாவு விழும்போது அதற்கு எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

என் சேஃப்டி ஷூ என் காலில் இரும்பு விழாமல் காப்பாற்றுவதற்காகச் செய்தது. அந்த மலையில் இரும்பு எதுவும் விழவில்லை. ஷூவுக்குள் இருந்த இரும்புதான் சூடேறியது. பாதி மலையில், ஒரு பாறை நிழலில், இனி முடியாது என்று உட்கார்ந்தேன். ஷூவைக் கழற்றினேன். கழற்றிய காலை எங்கே வைப்பது என்று யோசிக்காமல் வெயிலில் இருந்த பாறைமேல் வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்தேன். அந்த நேரத்தில் நான் போட்ட சத்தத்துக்குக் கீழே மேய்ந்த ஆடுகள் எல்லாம் ஒரு சேரத் தலையைத் தூக்கிப் பார்த்தன.

தயிர்சாதத்தைத் தின்றேன். மேலே கோட்டைச் சுவர் தெரிந்தது. அங்கே என்ன இருக்கும் என்று மனசுக்குள் வரைந்துகொண்டேன். கீழே பார்த்தால், நான்கு பக்கமும் ரோடுகள் ஊருக்குள் வந்து சேர்ந்தன. லாரிகள் எறும்பு மாதிரி. பர்கூர்ப் பக்கமிருந்து கிரானைட் பாளம் ஏற்றிய லாரி ஒன்று மெதுவாக ஊர்ந்து வந்தது. மச்சானுக்கு இதைக் காட்டலாமா? "பாருங்க மச்சான், லாரி" என்றால் எங்களைக் குடும்பத்தோடு விருதுநகருக்கு அள்ளிக்கொண்டு போய்விடுவார்.

ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு, நிழல் விழுந்த இடமாகப் பார்த்துத் தாண்டித் தாண்டி இறங்கினேன்.

அடிவாரத்தில் ஒரு கரும்புச்சாறு வண்டி. கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். அவர் எதுவும் பிழியாமல் மெஷினைப் பார்த்தபடி நின்றிருந்தார். அது ஓடவில்லை. என் சட்டையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்ணா! கம்பெனிக்காரர்தானே? இத கொஞ்சம் பாருங்ணா. நல்லா ஓடிக்கினு இருந்துச்சி, டப்புனு நின்னுபோச்சி."

எனக்கு உடம்பெல்லாம் ஒரு புத்துணர்ச்சி. நான் ஸ்பேனரைத் தொட்டு வருஷக்கணக்காகிறது. சூப்பர்வைசர் ஆன பிறகு எங்கள் வேலை கேள்வி கேட்பதுதான். மெஷின் நின்றால் 'ஏன்' என்று ஐந்து முறை கேட்க வேண்டும் என்பது எங்கள் கம்பெனி வேதம். ஒவ்வொரு பதிலுக்கும் மறுபடி ஏன் என்று கேட்டுக்கொண்டே போனால் ஐந்தாவதில் மூல காரணம் அகப்படும். ஷூவைக் கீழே வைத்தேன். மேனேஜர் மாதிரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"மெஷின் ஏன் நின்னுச்சு?"

"இன்ஜின் நின்னுபோச்சி. அதனால நின்னுச்சி."

"சரி. இன்ஜின் ஏன் நின்னுச்சு?"

"அது தெரிஞ்சா உங்கள ஏன்ணா கேக்கப்போறேன்?"

"கோவப்படாதீங்க. யோசிச்சுச் சொல்லுங்க. ஏன் நின்னிருக்கும்?"

"சூடாயிருக்கும்."

"ஏன் சூடாச்சு?"

அவர் வானத்தைப் பார்த்தார். "மே மாசம்ணா" என்றார்.

ஐந்தாவது ஏன் பாக்கி இருந்தது. மே மாதம் ஏன் வந்தது என்று கேட்பதா வேண்டாமா என்று நான் தயங்கிய நேரத்தில், அவர் மனைவி கையில் ஒரு கேனோடு வேகமாக வந்தார்.

"டீசல் தீந்துபோச்சி, வாங்கினு வரேன்னு சொல்லிட்டுத்தானய்யா போனேன்? காது எங்க வச்சிருந்த?" என்று கணவனைக் கேட்டுவிட்டு, கையைப் பின்னால் கட்டி வெறுங்காலோடு நின்ற என்னைப் பார்த்தார். "இவரு யாரு?"

"மெஷின் பார்க்க வந்தவரு. ஏன், ஏன்னு கேட்டுக்கினு இருக்காரு."

"பார்த்துட்டாரா?"

டீசலை ஊற்றினார்கள். இன்ஜின் ஓடியது. இஞ்சியும் எலுமிச்சையும் வைத்துப் பிழிந்த சாறு இரண்டு டம்ளர் குடித்தேன். முதல் டம்ளரை வெட்கத்தோடும் இரண்டாவதை நிம்மதியாகவும் குடித்தேன். அது காலியாவதற்குள், அன்றைக்குத்தான் முதல் தடவை வந்தது, பாதி மலையில் திரும்பியது எல்லாவற்றையும் அவரிடம் உளறியிருந்தேன். கடைக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் ஒவ்வொரு கரும்பை உள்ளே விடும்போதும் "ஏன்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அங்கிருந்து டவுன் பஸ்ஸில் அணைக்குப் போனேன். பூங்காவில் ஒரு மர நிழல். தண்ணீர் பாதிதான் இருந்தது. ஆனாலும் அதன்மேல் வந்த காற்று முகத்தில் பட்டபோது, காலையிலிருந்து என்னைத் துரத்திய மச்சான் எங்கோ போய்விட்டார். வறுத்த மீன் ஒன்று வாங்கித் தின்றேன். அடையாள அட்டை கழுத்தில் இருக்க, ஷூவைத் தலைக்கு வைத்துப் படுத்துத் தூங்கிப்போனேன். நாலு பக்கமும் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் கலந்து குழந்தைகளைத் திட்டிக்கொண்டிருந்தன. எல்லாத் திட்டும் எனக்குப் புரிந்தது. மச்சான் கடைக் கல்லாவில் உட்கார்ந்தால் ஒரு பாஷையில்தான் திட்டு வாங்க முடியும் என்று தூக்கத்தில் தோன்றியது. இதை ஒரு காரணமென்று மனைவியிடம் சொல்ல முடியுமா?

ஷிஃப்டு முடியும் நேரத்துக்குச் சரியாக வீட்டுக்குள் நுழைந்தேன்.

"என்னங்க, மீன் வாடை?"

"கேன்டீன்ல மீன். கஸ்டமர் விசிட்."

"ஏன் நொண்டுறீங்க?"

"ஷூ கடிச்சிருச்சு."

மூன்று நாளும் கொப்புளத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டே திட்டத்தைத் திருத்தினேன். காலையிலேயே கிளம்ப வேண்டும். ரப்பர் செருப்பு. ஆளுக்கொரு தொப்பி. முதலில் கோட்டை, பிறகு அணை. லாரி தெரியும் பக்கம் மச்சானைத் திரும்ப விடக்கூடாது.

மச்சான் சனிக்கிழமை ராத்திரியே வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை அவர் காரில் ஐந்து பேர் போக வேண்டிய இடத்தில் நாங்கள் நாலு பேரும் ஒரு சாக்கு மாம்பழமும். வரும்போதே ரோட்டோரத்தில் வாங்கிவிட்டார். "பழம் நல்லாத்தான் இருக்கு மாப்ள" என்று ஒத்துக்கொண்டார். எனக்கு முதல் புள்ளி. அந்தத் தைரியத்தில் வழியெல்லாம் அளந்து விட்டேன்.

"கோட்டைக்கு நான் எத்தனை தடவ வந்திருப்பேன்னு எனக்கே கணக்கில்ல மச்சான். மனசு சரியில்லைன்னா இங்கதான் வருவேன்."

"எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே?" என்றாள் மனைவி.

"மனசு சரியில்லாததையெல்லாம் வீட்ல சொல்லுவாங்களாக்கும்?"

அடிவாரத்தில் இறங்கினோம். போட்ட திட்டத்தில் ஒன்றை மட்டும் மறந்திருந்தேன். எந்த மெஷின் பக்கம் கஸ்டமரைத் திரும்பவே விடக்கூடாது என்பதை.

"அட, 'ஏன்' சார்! வாங்ணா, வாங்ணா!" கரும்புச்சாறு வண்டியிலிருந்து ஒரு குரல் அடிவாரம் முழுக்கக் கேட்டது. "இன்னிக்கு யூனிஃபார்ம் போடலியா? குடும்பத்தோட வந்துட்டீங்களா? காலு எப்படி இருக்குது?"

மச்சான் என்னைப் பார்த்தார். மனைவி என் காலைப் பார்த்தாள்.

"உங்களுக்கு இவரத் தெரியுமா?" என்று மச்சான் கேட்டார்.

"இந்த புதன்கிழமதான்ணா மொத தடவ வந்தாரு. பாதி மலைக்கு மேல ஏற முடியல. ஷூவக் கையில புடிச்சினு குதிச்சிக் குதிச்சி வந்தாரு. என் மெஷின் நின்னுபோச்சி. ஏன் நின்னுச்சி, ஏன் நின்னுச்சினு நாலு தடவ கேட்டாரு பாருங்க..." கடைக்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு என்னை அப்படியே நடித்துக் காட்டினார். நல்ல நடிப்பு. நான் அவ்வளவு கம்பீரமாக இருந்திருப்பேன் என்று எதிர்பார்க்கவில்லை.

"டீசல் இல்லண்ணா! அவ்ளோதான்!"

மச்சான் வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மகள் சிரித்தாள். மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "புதன்கிழமையா?" என்றாள். "கஸ்டமர் விசிட்டுன்னீங்க. கேன்டீன்ல மீனுன்னீங்க."

"ட்ரையல் பார்க்க வந்தேன்" என்றேன்.

"எதுக்கு ட்ரையல்?"

"ஒரு காரணம் கேட்டியே. தேடி வந்தேன்."

"இந்த வெயில்லயா? அந்த ஷூவப் போட்டுக்கிட்டா?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். சிரிப்பு.

மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாறு டம்ளரோடு என் பக்கம் வந்தார். "மாப்ள, ஒண்ணு கேக்கேன். கடைக்கு ஒருத்தன் வந்து அரைக்கிலோ ஆணி குடுங்கன்னா நீ என்ன செய்வ?"

வழக்கம் போல யோசிக்காமல் சொன்னேன். "எதுக்கு ஆணின்னு கேப்பேன்."

"கதவுக்குங்கான்."

"கதவுக்கு ஏன்? ஏற்கெனவே அடிச்ச ஆணி ஏன் கழண்டுச்சு?"

மச்சான் டம்ளரைக் கீழே வைத்தார். "பாப்பா" என்று தங்கச்சியைக் கூப்பிட்டார். "இவரு அஞ்சாவது ஏன் கேக்கதுக்குள்ள, ஆணி வாங்க வந்தவன் எதிர்த்த கடையில வாங்கிக் கதவையும் மாட்டியிருப்பான். எனக்கு இருக்கது ரெண்டு கடை. அதுல ஒண்ண இவருகிட்ட குடுக்க முடியாது. நீ இவர இங்கேயே வச்சுக்க."

"நான் எங்க வாரேன்னு சொன்னேன்?" என்றாள் மனைவி. சொன்னாள்தான். நான் நினைவுபடுத்தவில்லை. எனக்கும் கொஞ்சம் புத்தி உண்டு.

"பள்ளிக்கூடம் இங்கேயேதானேம்மா?" என்று மகள் கேட்டாள். "இங்கேயேதான்" என்றாள் அவள் அம்மா. கடைக்காரர் எங்கள் எல்லோருக்கும் இன்னொரு சுற்று பிழிந்தார்.

பிறகு கோட்டைக்கு ஏறினோம். நல்ல ரப்பர் செருப்பு, தலையில் தொப்பி, காலை வெயில். அப்படியும் அதே பாறை நிழல் வந்ததும் என் முழங்கால் தன் இடத்தை அடையாளம் கண்டுகொண்டது. தண்ணீர் பாட்டில், கைப்பை, மச்சானின் கார் சாவி எல்லாவற்றையும் என்னிடம் கொடுத்துவிட்டு மூன்று பேரும் மேலே போனார்கள். ஆடுகள் அன்றைக்கும் மேய்ந்தன. என்னைப் பார்த்ததும் அவை கொஞ்சம் தள்ளிப் போனதாக எனக்குப் பட்டது.

கொஞ்ச நேரம் கழித்து மேலே சுவரோரத்தில் மனைவியின் சேலை தெரிந்தது. வாயருகே கையை வைத்துக்கொண்டு கத்தினாள்.

"ஏங்க! இங்கயிருந்து நம்ம ஓசூர் தெரியுதுங்க!"

அங்கிருந்து ஓசூர் தெரிய வழியே இல்லை. அவள் பார்ப்பது சூளகிரி மலையாகத்தான் இருக்கும். ஆனால் நான் அந்த உச்சிக்குப் போனதில்லையே, எப்படி மறுப்பது?

"தெரியும் தெரியும்!" என்று நானும் கீழேயிருந்து கத்தினேன். "நான் எத்தனை தடவ பார்த்திருக்கேன்!"